ஜாமீன் கிடைச்சும் வீட்டுக்கு வரலையே, ஏன்?



சென்ற முறை நடந்த கூட்டமைப்புக் கூட்டம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது இலங்கைத் தமிழர் முகாம் குழுவிலிருந்து வரும் ஒரு சகோதரி எழுந்து நின்றார். அவருடைய தம்பி வெளிநாடு போவதற்கு ஏஜெண்டிடம் பணம் கட்டி, கடற்கரையில் பிடிபட்டு, சிறையில் இருந்தவர்.

"தம்பிக்கு ஜாமீன் கிடைச்சிட்டுது எண்டு வக்கீல் சொன்னார். சாப்பாடு கட்டிக்கொண்டு ஜெயில் வாசல்ல நிண்டனாங்கள். வெளியில வந்தவனை அப்படியே வேற வண்டியில ஏத்தி சிறப்பு முகாமுக்குக் கொண்டு போட்டாங்கள். ஜாமீன் எண்டா வீட்டுக்கு விடுறது தானே?" என்று கேட்டார்.

அவர் உட்காரும் முன்பே இன்னொரு சகோதரி எழுந்தார். அவர் நம்ம ஊர்க்காரர், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். "அந்தத் தம்பிக்கு நான்தான் மேடம் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வீட்டுத் தீர்வை ரசீதைக் குடுத்திருக்கேன். அவன் வராமலே இருந்தா என் வீட்டை ஏலம் விட்ருவாங்களா? எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது" என்றார்.

இரண்டு பேர் கேட்டதற்கும் அன்றைக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. அதன் பிறகு வழக்கறிஞர்களிடம் கேட்டோம், சட்டத்தையும் தீர்ப்புகளையும் படித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது முகாம் சகோதரிகளுக்கு மட்டும் உள்ள விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குல்லூர்சந்தை, அனுப்பங்குளம், செவலூர் என்று நம் மாவட்டத்திலேயே முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். 1983-க்குப் பிறகு பல தடவையாக வந்தவர்களும், இங்கேயே பிறந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். நம்மைப் போலவே சேமிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், தவறாமல் கட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சிக்கல் வந்தால் கையெழுத்துக்கு வந்து நிற்பது நம் வாசலில்தான். ஏனென்றால் அவர்கள் பெயரில் காட்டுவதற்குப் பட்டாவோ வீடோ கிடையாது.

ஒரு வீடு, இரண்டு பூட்டு

நம்ம பகுதியில் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் போர்மேனைக் கைது செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நாளில் ஜாமீன் கிடைக்கும். இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அவர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார். வழக்கு ஒரு பக்கம் நடக்கும். ஜாமீன் என்றால் இதுதான் என்று நாம் பழகியிருக்கிறோம்.

ஆனால் இந்தியக் குடிமகன் இல்லாத ஒருவர் கைதானால் அவர் மீது இரண்டு பூட்டு விழ வாய்ப்பு இருக்கிறது. முதல் பூட்டு, குற்ற வழக்கு. அதன் சாவி நீதிமன்றத்தின் கையில். இரண்டாவது பூட்டு, வெளிநாட்டினர் சட்டப்படி அரசு போடும் உத்தரவு. 'இவர் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், வெளியே போகக் கூடாது' என்று அரசே சொல்லிவிடும். அதன் சாவி அரசின் கையில். நாம் கொடுக்கும் ஜாமீன் முதல் பூட்டை மட்டும்தான் திறக்கும்.

இதற்கு ஊரறிந்த ஓர் உதாரணம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த ஆறு பேரை 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரே வழக்கு, ஒரே நாள், ஒரே உத்தரவு. அதில் இந்தியர்களான நளினியும் ரவிச்சந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் குடிமக்களான முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நான்கு பேரும் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சாந்தன் ஊருக்குத் திரும்பக் காத்திருந்த நிலையிலேயே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்றுதான் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வழக்கைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நாட்டின் பெரிய நீதிமன்றமே விடுதலை செய்த பிறகும் இரண்டாவது பூட்டு அப்படியே இருந்தது.

முதல் பூட்டு: நீதிமன்ற ஜாமீன்

ஜாமீன் பத்திரம் என்பது ஒரு வாக்குறுதி. 'கூப்பிட்ட தேதிக்கு வருவேன், வராவிட்டால் இவ்வளவு தொகை கட்டுகிறேன்' என்று கைதானவர் எழுதிக் கொடுக்கிறார். 'அவரை வரவைப்பது என் பொறுப்பு, இல்லையென்றால் நான் கட்டுகிறேன்' என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கிறார். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா, அது மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே பொறுப்பு குழுவுக்கு இல்லை, கையெழுத்துப் போட்ட தனி ஆளுக்கு.

கையெழுத்துப் போடும்போது பணம் கட்ட வேண்டியதில்லை. சாதாரணமாக ஆதார், குடும்ப அட்டை, வீட்டுத் தீர்வை ரசீது அல்லது பட்டா நகல், போட்டோ கேட்பார்கள். பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். ஒரு ஜாமீன்தாரர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் பல உத்தரவுகளில் வரும். இதற்கு முன் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறோம் என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்.

அவன் வராவிட்டால் வீடு போய்விடுமா? எடுத்த எடுப்பில் போகாது. வழக்குத் தேதிக்கு அவன் வராமல் போனால் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். ஏன் தொகையை வசூலிக்கக் கூடாது என்று காரணம் கேட்பார்கள். நாம் நேரில் போய்க் காரணம் சொல்லலாம். தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பத்திரத்தில் எழுதிய தொகைதான் எல்லை, அதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் நோட்டீசைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. தொகையை வசூலிக்கவே முடியாமல் போனால் ஜாமீன்தாரருக்கு ஆறு மாதம் வரை சிவில் சிறை விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் ஆளைத் தெரியாமல் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் சகோதரியின் விஷயத்தில் தம்பி ஓடிப்போகவில்லை. அவர் அரசாங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறார். வழக்குத் தேதிக்கு அவரைக் கூட்டி வருவது போலீசின் வேலை. 'இவர் சிறப்பு முகாமில் இருக்கிறார்' என்று வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து, உத்தரவு நகலையும் இணைத்துவிட்டால் கையெழுத்துப் போட்டவர் பயப்பட வேண்டாம்.

ஜாமீனிலிருந்து விலகவும் முடியும். நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் போதும். ஆனால் அப்படி விலகினால் கைதானவர் வேறு ஜாமீன்தாரரைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மறுபடியும் சிறைதான். கோபத்திலோ பயத்திலோ இந்த முடிவை எடுக்காதீர்கள்.

ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால்?

1978-ல் உச்ச நீதிமன்றத்துக்கு மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. அவர் மத்தியப் பிரதேசத்துக்காரர். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி முறையில் ஒருவர் கையெழுத்துப் போட வந்தபோது, 'உன் சொத்து வேற மாவட்டத்தில் இருக்கு' என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தவறு என்றார். வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று சொல்லி, ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனிலேயே அவரை விடச் சொன்னார். ஏழைக்குத் தாங்காத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழி சொன்னது. ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியவில்லையென்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது தாமதத்துக்கு ஒரு காரணம், அதைத் தவிர்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றம் என்றால், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாதவரை ஏழை என்று எடுத்துக்கொண்டு சொந்த ஜாமீனிலேயே விட வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது.

வெளிநாட்டுக்காரர்களின் ஜாமீன் பற்றியும் 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பு வந்தது. 'உன் நாட்டுத் தூதரகத்தில் சான்று வாங்கி வா' என்ற நிபந்தனை போட்டு, அந்தச் சான்று கிடைக்காததையே காரணமாக வைத்து ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர் அந்த நாட்டுத் தூதரகத்தில் போய்ச் சான்று கேட்பது எப்படிப்பட்ட கஷ்டம் என்று முகாம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வழக்கில் 2025 ஜனவரியில் இன்னொன்றும் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தால், அந்தத் தகவல் வெளிநாட்டினர் பதிவு அலுவலருக்குப் போக வேண்டும். ஜாமீன் உத்தரவு வரும் நேரத்திலேயே இரண்டாவது பூட்டும் விழ இது ஒரு வழி.

இரண்டாவது பூட்டு: சிறப்பு முகாம்

1946-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வெளிநாட்டினர் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவு போட அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதை வைத்துத்தான் 1990-களில் வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று சிறப்பு முகாம்கள் நடந்தன. பிறகு திருச்சி மத்திய சிறை வளாகத்தில் ஒன்று அமைந்தது. நம் ஊர் முகாம் வேறு, சிறப்பு முகாம் வேறு. நம் ஊர் முகாமிலிருந்து காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வரலாம். சிறப்பு முகாமில் உள்ளே நடமாடலாம், சமைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிக் கதவு திறக்காது. அங்கே இருந்தவர்கள் தங்களை விடச் சொல்லி 2021-லும் 2022-லும் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய், 2025-ம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்குமிடத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இதிலும் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை இருக்கிறது. போலி பாஸ்போர்ட் என்றால் இரண்டு முதல் ஏழு வருடம். ஏஜெண்டை நம்பிப் போகிற பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இதோடு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் அடைந்து, அரசிடம் பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்ற காரணத்துக்கான பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. இது குடியுரிமை இல்லை. வேறு குற்றங்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. 2022 மார்ச்சுக்குப் பிறகு, அங்கே ஏற்பட்ட பஞ்சத்தால் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கியவர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் 1983-லும் 1990-லும் வந்து பதிவு செய்த குடும்பங்களுக்கு, முகாம் பதிவு அட்டை இப்போது முன்னைவிட முக்கியமான காகிதம்.

இரண்டாவது பூட்டைத் திறக்க என்ன செய்யலாம்?

நேராக ஒரு சாவி இதற்குக் கிடையாது. ஆனாலும் முயற்சி செய்ய வழிகள் இருக்கின்றன.

ஒன்று, உத்தரவு நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில், எந்தச் சட்டப்படி, என்ன காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். வாய்ச்சொல்லை நம்பி எந்த வழக்கும் போட முடியாது.

இரண்டு, அவர் உண்மையிலேயே வெளிநாட்டுக்காரர்தானா என்று பாருங்கள். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. திருச்சி முகாமில் வசிக்கும் அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். குடிமகன் என்று நிரூபித்துவிட்டால் வெளிநாட்டினர் சட்டப்படி போட்ட உத்தரவு நிற்காது. அதனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இன்றைக்கே அதற்கு மனுக் கொடுங்கள். நம்ம ஊர்ப் பெண்ணை முகாம் பையன் கட்டியிருக்கும் குடும்பங்களும் பிள்ளைகளின் சான்றிதழைச் சரிபாருங்கள்.

மூன்று, அரசுக்கு மனுக் கொடுங்கள். குடும்பம் இருக்கும் முகாமுக்கே மாற்றி அனுப்பக் கேட்கலாம். எத்தனை வருடமாகப் பதிவில் இருக்கிறார், யார் யார் அவரை நம்பி இருக்கிறார்கள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். இன்ன இடத்தில் தங்குவார், வாரம் ஒருமுறை கையெழுத்துப் போடுவார், இவர் ஜாமீன் நிற்கிறார் என்று நாமே நிபந்தனைகளையும் எழுதிக் கொடுக்கலாம். மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் தலைமைச் செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நான்கு, பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம். விருதுநகரும் திருச்சியும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. மனுவைக் குறிப்பிட்ட நாளுக்குள் பரிசீலிக்க உத்தரவிடும்படி கேட்கலாம். காரணமே இல்லாமல் அடைத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

எல்லா மனுவும் ஜெயிக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரரை எங்கே வைப்பது, எப்போது அனுப்புவது என்பதில் அரசுக்குப் பெரிய அதிகாரம் இருக்கிறது என்றுதான் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. தண்டனை முடிந்தும் மூன்று வருடம் போல அடைபட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழர், மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருப்பதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனார். உலகத்து அகதிகளுக்கெல்லாம் இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று சொல்லி 2025 மே 19 அன்று அந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே சமயம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் மனு நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான்.

மற்ற இடங்களில் எப்படி விட்டார்கள்?

இரண்டாவது பூட்டையும் பத்திரம் எழுதித் திறந்த உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அசாமில் வெளிநாட்டுக்காரர் என்று தீர்ப்பாகி வருடக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களைப் பற்றி 2019 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மூன்று வருடம் முடித்தவர்களை, தலா ஒரு லட்ச ரூபாய்க்கு இரண்டு இந்திய ஜாமீன்தாரர்கள் நின்றால் விடலாம் என்றது. தங்கும் முகவரி கொடுக்க வேண்டும், கைரேகையும் கண் பதிவும் எடுக்க வேண்டும், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ஒரு லட்சத்துக்கு ஏழைகள் எங்கே போவார்கள்? கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரல் 13 அன்று, மூன்று வருடம் என்பதை இரண்டு வருடமாகவும், ஒரு லட்சம் என்பதை ஐயாயிரமாகவும் குறைத்தார்கள். அது அசாமுக்காகப் போட்ட உத்தரவு. ஆனாலும் முகவரி, கையெழுத்து, ஜாமீன்தாரர் மூன்றும் இருந்தால் ஆளை அடைத்து வைக்காமலே கண்காணிக்கலாம் என்று நம் மனுவில் எடுத்துக் காட்டலாம்.

கடல் கடந்தும் பார்ப்போம். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 இலங்கைத் தமிழர்கள் கனடா போய் இறங்கினார்கள். அவர்களையும் அடைத்துத்தான் வைத்தார்கள். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி, அடைத்து வைத்ததை 48 மணி நேரத்தில் ஒருமுறை, அடுத்த ஏழு நாளில் ஒருமுறை, பிறகு 30 நாளுக்கு ஒருமுறை ஒரு தனி அதிகாரி முன்னால் விசாரிக்க வேண்டும். இன்னும் ஏன் வைத்திருக்கிறோம் என்று அரசு ஒவ்வொரு தடவையும் காரணம் காட்ட வேண்டும். இப்படிக் கெடு வைத்துப் பார்க்கும் முறை நம் சிறப்பு முகாமுக்கு இல்லை. நாமாகத் தட்டினால்தான் கதவு திறக்கும் என்ற நிலை இருப்பதால், வெளியே இருக்கும் பெண்கள் சும்மா இருந்துவிடக் கூடாது.

செலவுக்கு என்ன செய்வது?

கோர்ட் வாசலில் ஒரு ஆள், சிறப்பு முகாமிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று நம் முகாம் சகோதரியிடம் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனை எடுப்பதில்லை. அதில் எட்டாயிரம் நம் குழுவின் உள்கடன். இன்னும் அவர் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறார். புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். வாடகைக்குக் கையெழுத்துப் போடும் ஆட்களைப் பிடிக்காதீர்கள். பொய் ரசீது காட்டினால் அதுவே புது வழக்காகும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் வந்தது. அதன் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அந்தப் பிரிவில் 'குடிமகள்' என்ற நிபந்தனை இல்லை. நம் மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். தாலுகா நீதிமன்றங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். மதுரைக் கிளை வழக்குக்கு அங்கேயே தனிக் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

1. முகாம் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பைல் வையுங்கள். பதிவு அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், ஆதார். நகல் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

2. ஜாமீன் கையெழுத்து என்பது தனி ஆளின் முடிவு. குழு கட்டாயப்படுத்தக் கூடாது. குழுச் சேமிப்பை ஜாமீனாகக் காட்டவும் கூடாது. அது எல்லாருடைய பணம்.

3. கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொகை எவ்வளவு, வழக்கு எண் என்ன, அடுத்த தேதி எப்போது என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தோ ரேகையோ வேண்டாம். வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

4. ஆள் உள்ளே இருக்கும் வீட்டில் சம்பாதிக்கும் கை ஒன்று குறையும். தவணையை ஒன்றிரண்டு மாதம் தள்ளி வைக்கலாமா என்று குழுவில் பேசித் தீர்மானம் போடுங்கள். பார்க்கப் போகும் நாளில் பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்பதையும் பேசுங்கள்.

அந்தத் தம்பி இன்னும் சிறப்பு முகாமில்தான் இருக்கிறார். 1990-ல் நாலு வயதுப் பிள்ளையாக வந்து பதிவான காகிதம் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்து அரசுக்கு மனு போயிருக்கிறது. இலவச வழக்கறிஞர் வழியாக மதுரைக் கிளைக்குப் போக ஏற்பாடு நடக்கிறது. கையெழுத்துப் போட்ட சகோதரி நீதிமன்றத்தில் நிலைமையை எழுதிக் கொடுத்துவிட்டார். "விலகிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டோம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம், ஒரு நாள் சண்டையோடு போயிற்றாம். "அவன் சின்னப் பிள்ளையில இருந்து எனக்குத் தெரியும் மேடம். இருக்கட்டும்" என்றார்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரை அழைக்கக் கேட்டிருக்கிறோம். கேள்விகளை எழுதிக்கொண்டு, பைலையும் எடுத்து வாருங்கள்.